சொர்க்கம் வேண்டாம் என்றவர்கள்

சொர்க்கத்தில் இருப்பவருக்கு, தன் தாயோ தம்பியோ நரகத்தில் துடித்துக்கொண்டிருப்பது தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால், பெற்றவளையே மறந்து அனுபவிக்கிற அந்த இன்பம் யாருக்கு வேண்டும்? தெரியும் என்றால், அங்கே அவரால் எப்படி நிம்மதியாக உட்கார்ந்திருக்க முடிகிறது? எந்த மதத்தின் மறுமையைப் பற்றிப் படித்தாலும் கடைசியில் இந்தக் கேள்வியில்தான் போய் நிற்கிறேன்.

இதற்கு ஐரோப்பாவில் எழுதப்பட்ட ஒரு பதிலைப் படித்து அதிர்ந்துபோனேன். 13-ஆம் நூற்றாண்டின் இறையியலாளர் தாமஸ் அக்குவினாஸின் பெருநூலோடு, அவர் இறந்த பிறகு அவருடைய எழுத்துகளிலிருந்தே தொகுத்துச் சேர்த்த பகுதியில் அது இருக்கிறது. சொர்க்கத்தில் இருப்பவர்களின் மகிழ்ச்சி கூடுவதற்காக, நரகத்தில் இருப்பவர்களின் வேதனை அவர்களுக்குத் தெளிவாகக் காட்டப்படுமாம். வேதனையைக் கண்டு அல்ல, இறைவனின் நீதியைக் கண்டே மகிழ்வார்கள் என்று விளக்கமும் தரப்பட்டிருக்கிறது. அந்த விளக்கம் என் மனதை ஆற்றவில்லை.

நரகத்தை வருணிப்பதில் எந்த மரபும் சளைத்ததில்லை. பாகவதம் 28 நரகங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது. இத்தாலியக் கவிஞர் தாந்தேயின் நரகத்தில் ஆக அடியில் இருப்பது நெருப்புகூட இல்லை, உறைந்த பனி. இவையெல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் சொர்க்கம் கைக்கு வந்தும் அதை வேண்டாம் என்றவர்கள், நரகத்தின் வாசலில் நின்றுவிட்டவர்கள், அந்தக் கதவையே உடைத்தவர்கள் எல்லா மரபுகளிலும் இருக்கிறார்கள். அவர்களைப் பற்றி ஏன் இவ்வளவு குறைவாகப் பேசுகிறோம்?

மகாபாரதத்தின் கடைசிப் பகுதியான சுவர்க்காரோகண பர்வத்தை எடுத்துக்கொள்ளுங்கள். தருமன் சொர்க்கத்துக்குள் நுழைந்ததும் கண்ணில் படுவது சிம்மாசனத்தில் ஒளிவீச அமர்ந்திருக்கும் துரியோதனன். கொதித்துப்போகிறான். என் தம்பிகள் எங்கே, கர்ணன் எங்கே, அவர்கள் இருக்கும் இடம்தான் எனக்குச் சொர்க்கம், இது சொர்க்கமே இல்லை என்கிறான். தேவதூதன் ஒருவன் வழிகாட்டி அழைத்துப்போகிறான். போகப் போக இருட்டு, பிண நாற்றம், மாமிசமும் இரத்தமும் குழைந்த சேறு, இரும்பு அலகுக் காக்கைகள், கொதிக்கும் வைதரணி ஆறு. தாங்க முடியாமல் தருமன் திரும்ப நினைக்கிறான். இந்த இடத்தை நான் திரும்பத் திரும்பப் படிப்பேன். அவனும் திரும்பத்தான் நினைத்தான்.

அப்போது இருட்டுக்குள்ளிருந்து குரல்கள் கேட்கின்றன. கொஞ்ச நேரம் நில், உன் மேல் பட்டு வரும் காற்று எங்களுக்கு இதமாக இருக்கிறது. முன்பு எத்தனையோ முறை கேட்ட குரல்கள்தான், ஆனாலும் அவனுக்கு அடையாளம் தெரியவில்லை. யார் நீங்கள் என்று கேட்கிறான். நான் கர்ணன், நான் பீமன், நான் அர்ச்சுனன், நான் திரௌபதி என்று பதில் வருகிறது. தருமன் தேவர்களை நிந்திக்கிறான், தருமத்தையே நிந்திக்கிறான். தூதனிடம், உன்னை அனுப்பியவர்களிடம் போய்ச் சொல், நான் இங்கேயே இருக்கிறேன், நான் இருப்பது இவர்களுக்கு ஆறுதலாக இருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிடுகிறான். பிறகு இந்திரன் வந்து எல்லாம் மாயை என்கிறான். இருந்துவிட்டுப் போகட்டும். அங்கேயே இருக்கிறேன் என்று சொன்ன அந்த நொடியில் அது மாயை என்று தருமனுக்குத் தெரியாதே!

நம் திருக்கோட்டியூரிலும் இதே துணிவுதான். வெளியே சொன்னால் நரகம் என்று குரு எச்சரித்துக் கொடுத்த மந்திரத்தை, உயரத்தில் ஏறி நின்று ஊரறியச் சொன்னார் இராமானுசர். இத்தனை பேர் கரையேற, நான் ஒருவன் நரகம் போனால் போகட்டும் என்றாராம்.

இதையெல்லாம் இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. எனக்குத் தெரிந்த ஒரு பெண்ணின் தாய் இறந்துபோனார். மகள் திருமணத்துக்குப் பின் மதம் மாறியவர், தாய் பழைய மதத்திலேயே இருந்தவர். உடலை எடுக்கும் முன்பே, மகளின் புதிய வட்டத்தைச் சேர்ந்த ஒருவர், அம்மாவுக்கு இனி வழியில்லை, நீங்களாவது உறுதியாக இருங்கள் என்று ஆறுதல்போலச் சொன்னார். தாய் வழி உறவினர் ஒருவர், மகள் மதம் மாறிய பாவத்தால் தாயின் ஆத்மா கரையேறாது என்று தன் பங்குக்குச் சொன்னார். எந்தக் கடவுளின் பெயரால் இதைச் சொல்ல முடிந்தது? அம்மா இல்லாத இடத்தில் எனக்கென்ன வேலை என்று அழுதார் அந்தப் பெண். தருமன் கேட்டதும் இதைத்தானே.

இஸ்தான்புல்லில், இப்போது மசூதியாக இருக்கும் பழைய கோரா தேவாலயத்தில் 14-ஆம் நூற்றாண்டுச் சுவரோவியம் ஒன்று இருக்கிறது. பாதாளத்தில் இறங்கிய கிறிஸ்து, ஒரு கையால் ஆதாமையும் மறு கையால் ஏவாளையும் கல்லறையிலிருந்து இழுத்துத் தூக்குகிறார். அவருடைய காலடியில் நரகத்தின் கதவுகள் உடைந்து கிடக்கின்றன, பூட்டுகளும் தாழ்ப்பாள்களும் சிதறிக் கிடக்கின்றன. அவர் பிடித்திருப்பது அவர்களுடைய மணிக்கட்டை. அவர்களுக்குப் பிடித்துக்கொள்ளத் தெம்பில்லை என்றாலும் கை நழுவாது.

ஜப்பானில் ஜிஸோ. நரகங்கள் காலியாகும் வரை நான் புத்தநிலை அடையமாட்டேன் என்று உறுதிபூண்ட போதிசத்துவர். பெற்றோருக்கு முன்பே இறந்த குழந்தைகள் ஆற்றைக் கடக்க முடியாமல் கரையில் கூழாங்கற்களை அடுக்கிக்கொண்டே இருக்குமாம், அரக்கர்கள் வந்து தட்டிவிடுவார்களாம். இறந்த குழந்தைக்குமா தண்டனை என்று கோபம் வருகிறது. அந்த மக்களுக்கும் பொறுக்கவில்லை போலும். ஜிஸோ வந்து குழந்தைகளைத் தன் அங்கிக்குள் ஒளித்துக்கொள்கிறார் என்றும் சொல்லி வைத்தார்கள். குழந்தையை இழந்த பெற்றோர் அவர் சிலைக்குக் குல்லாயும் சிவப்புக் கழுத்துத் துணியும் அணிவிக்கிறார்கள். தங்கள் பிள்ளையின் பாரம் குறையட்டும் என்று பக்கத்திலேயே கற்களை அடுக்கிவைக்கிறார்கள்.

புகாரி, முஸ்லிம் என்ற இருவரின் நபிமொழித் தொகுப்புகளில் உள்ள ஒரு ஹதீஸில், நரகத்தின் மேலுள்ள பாலத்தைக் கடந்து தப்பியவர்கள் சும்மா போய்விடுவதில்லை. எங்கள் சகோதரர்கள் எங்களோடு தொழுதார்கள், எங்களோடு நோன்பு வைத்தார்கள் என்று இறைவனிடம் மன்றாடுகிறார்கள். போய் மீட்டு வாருங்கள் என்று அவனும் திரும்பத் திரும்ப அனுப்புகிறான், அணுவளவு நம்பிக்கை இருந்தவரையும் விடாமல். கருகிப்போனவர்கள் ஜீவநதியில் இடப்பட்டு, வெள்ளம் ஒதுக்கிய வண்டலில் விதை முளைப்பதுபோல் முளைக்கிறார்கள்.

அப்படியானால் கொடுமை செய்தவனுக்குத் தண்டனையே வேண்டாமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. இந்த உலகின் எந்த நீதிமன்றமும் கைகொடுக்காதவர்கள், பிள்ளைகளைக் கொலைக்குப் பறிகொடுத்தவர்கள், மேலே ஒரு நீதி இருக்கிறது என்று நம்பித்தான் உயிரோடு இருக்கிறார்கள். அதை விட்டுவிடுங்கள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. துரியோதனனைச் சொர்க்கத்தில் கண்டு தருமனும்தான் கொதித்தான். ஆனால் அந்த இழவு வீட்டில் பேசிய இருவரும் எந்தக் கொடுமைக்கு நீதி கேட்டார்கள்? அந்தத் தாய் அவர்களுக்கு என்ன தீங்கு செய்தார்?

அந்தப் பெண் இப்போதும் தன் தாய்க்காகத் தினமும் பிரார்த்திக்கிறார். அது கூடாது என்று சொல்பவர்கள் இரு பக்கமும் இருக்கிறார்கள். நான் அந்த மகளின் பக்கம்.