“வெளியே எடுக்க எத்தனை நிமிஷம் ஆகும், டாக்டர்?”

அமெரிக்காவில் 45 வயதானால் குடல் புற்றுநோய்க்கு ஸ்கிரீனிங் பண்ணிக்கச் சொல்கிறார்கள். 2021 வரை அது 50. நம்ம ஆட்கள் இதில் விசாரிப்பது இரண்டே விஷயம்: இன்ஷூரன்ஸ் கொடுக்குமா, சோதனைக்கு முன் குடலைச் சுத்தம் பண்ணத் தரும் அந்தப் பேதி மருந்தை எப்படித்தான் குடிப்பது. டாக்ஸ் ஃபைல் பண்ண ஆள் பிடிக்கவே நாலு பேரிடம் கேட்கிறவர்கள், கொலோனோஸ்கோபி (கேமராக் குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) பண்ணப்போகிற டாக்டரைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

ஆனால் இதில் ஆளுக்கு ஆள் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும் இருக்கிறது. இல்லினாய்ஸ் ராக்ஃபோர்டில் 12 டாக்டர்கள் தங்கள் வேலையைத் தாங்களே அளந்து 2006-இல் வெளியிட்டார்கள். கேமராக் குழாயை வெளியே இழுக்கும்போதுதான் குடலை நிதானமாகப் பார்ப்பார்கள். அதற்கு ஒருவர் சராசரியாக 3 நிமிஷம் எடுத்துக்கொண்டார், இன்னொருவர் கிட்டத்தட்ட 17 நிமிஷம். 6 நிமிஷத்துக்குக் குறைவானவர்கள் 11.8 சதவீதம் பேரிடம் கட்டி கண்டுபிடித்தார்கள். நிதானமாகப் பார்த்தவர்கள் 28.3 சதவீதம். மயக்கத்தில் கிடக்கிற நமக்கு இதெல்லாம் எங்கே தெரியப்போகிறது!

குடல் உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும். வலது பக்கத்தில் வரும் சில பாலிப்கள் (குடல் சுவரில் முளைக்கும் கட்டிகள்) தட்டையாக, சளி மூடி, பக்கத்துச் சதையோடு சதையாகக் கிடக்கும். மடிப்பை ஒதுக்கி, தண்ணீர் பீய்ச்சிக் கழுவி, உறிஞ்சிவிட்டுத் திரும்பப் பார்த்தால்தான் சிக்கும். அவசரக்காரர் கண்ணில் படாது.

இதை அளக்க ஒரு எண் இருக்கிறது: ஏ.டி.ஆர், அதாவது அடினோமா கண்டுபிடிப்பு விகிதம். ஸ்கிரீனிங்குக்கு வருகிற நூறு பேரில் எத்தனை பேரிடம் அந்த டாக்டர் அடினோமா, அதாவது பின்னால் புற்றுநோயாக மாறக்கூடிய பாலிப், கண்டுபிடிக்கிறார் என்பது. வடக்கு கலிஃபோர்னியாவில் கைசர் பெர்மனன்டே என்ற மருத்துவ நிறுவனத்தில் 136 டாக்டர்கள் செய்த மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட சோதனைகளை அலசி 2014-இல் எழுதினார்கள். குறைந்தவர் 7.4, கூடியவர் 52.5. இந்த எண் 1 சதவீதம் கூடினால், சோதனைக்குப் பின்னால் புற்றுநோய் வரும் ஆபத்து 3 சதவீதம் குறைந்தது. இப்போது இங்குள்ள குடல் டாக்டர்களின் சங்கங்கள் வைத்திருக்கும் குறைந்தபட்ச இலக்கு 35, வெளியே எடுக்க 8 நிமிஷம்.

உறவினர் ஒருவரின் ரிப்போர்ட்டைப் பார்த்தேன். குடல் சுத்தம் ‘சுமார்’ என்று போட்டிருந்தது. எவ்வளவு சுத்தம் என்று மதிப்பெண் இல்லை. பெருங்குடலின் ஆரம்பம் வரை போனதற்குச் சாட்சியாக ஒரு போட்டோ வைப்பார்கள், அதுவும் இல்லை. கீழே மட்டும் “நார்மல், 10 வருஷம் கழித்து வரவும்”. எதைப் பார்த்து நார்மல்?

எல்லாப் பழியும் டாக்டர் மேல் இல்லை. மருந்தின் இரண்டாவது பாதியை விடியற்காலை எழுந்து குடிக்கச் சொன்னால், தூக்கம் கெடும் என்று முந்தின ராத்திரியே முடித்துவிடுகிற புத்திசாலிகள் நம்மில் நிறைய. அதற்குள் வலது பக்கம் மறுபடி பிசுபிசுத்துவிடும், பார்க்கிறவர் என்ன செய்வார்?

என் முறை வந்தபோது போனிலேயே கேட்டேன், “டாக்டரோட ஏ.டி.ஆர் எவ்வளவு?” முதல் கிளினிக்கில் அப்படி ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்றார்கள். அடுத்த இடத்தில் நர்ஸ் யோசிக்காமல் “நாற்பத்து நாலு” என்றார். அங்கேயே தேதி வாங்கிவிட்டேன்.