திரையை ஏன் அணைக்கச் சொன்னீர்கள்?

ஞாயிற்றுக்கிழமை நம் இசை கேட்கும் கூட்டத்தில் நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் நினைத்திருந்தேன். வந்திருந்தவர்களுக்கு எல்லாம் தெரியும். வராதவர்களுக்கும் இதற்குள் யாராவது சொல்லியிருப்பார்கள். கொரிய வயலின்காரி கியுங் வா சுங், சிபேலியஸ் என்ற இசையமைப்பாளரின் வயலின் கான்செர்ட்டோவை (தனிவயலினும் ஆர்க்கெஸ்ட்ரா என்ற பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) வாசிக்கும் பழைய படப்பதிவு ஓடிக்கொண்டிருந்தபோது, பாதியிலேயே நம் பெரியவர் ஒருவர் புரொஜெக்டரை அணைக்கச் சொன்னாரே, அதைத்தான் சொல்கிறேன். "சத்தம் மட்டும் போதும், இந்த அங்க சேஷ்டையைப் பார்க்க முடியவில்லை" என்றார். சிலர் சிரித்தார்கள். மிச்சத்தை வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டு கேட்டு முடித்தோம்.

சொன்னவர் மீது எனக்கு மரியாதை உண்டு. நம்மில் பலருக்கு மேற்கத்திய சாஸ்திரிய இசையைக் கேட்கக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான். அதனால்தான் இவ்வளவு வலிக்கிறது. யாரோ ஒருவர் சொல்லியிருந்தால் அன்று ராத்திரியே மறந்திருப்பேன்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். கியுங் வா இசைக்கு மேலே நடிப்பைப் பூசவில்லை. கண்ணை இறுக்கி மூடுவதும், முழங்கால் மடிவதும், வில்லை இழுத்து முடிக்கும்போது தோள் திறந்து உடம்பு முழுக்கத் திரும்புவதும்தான் அந்த ஒலி பிறக்கும் வழி. அதை வெட்டி எறிந்துவிட்டு ஒலி மட்டும் வேண்டும் என்றால், அந்த ஒலி எங்கிருந்து வந்தது என்று நினைக்கிறீர்கள்?

நம் சபாக்களில் ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மைக் இருக்கிறது. சம்மணமிட்டு உட்கார்ந்து, வயலினின் தலையைக் காலில் ஊன்றி வாசிக்கிறோம். அதற்கு ஒரு அடக்கம் உண்டு, ஒரு அழகும் உண்டு, நான் மறுக்கவில்லை. ஆனால் கான்செர்ட்டோ வேறு உலகம். சுமார் 2,700 பேர் உட்காரும் லண்டன் ராயல் ஃபெஸ்டிவல் ஹால் மாதிரியான அரங்கில், முழு ஆர்க்கெஸ்ட்ரா பின்னால் முழங்க, மைக் இல்லாமல் நாலு தந்தியும் ஒரு வில்லும் கடைசி வரிசை வரை போய்ச் சேர வேண்டும். வில்லின் வேகம், அதன் மேல் இறங்கும் கையின் எடை, தந்தியில் அது படும் இடம், இந்த மூன்றும் நொடிக்கு நொடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். கையின் எடை முதுகிலிருந்து வருகிறது. முதுகு காலில் நிற்கிறது. இதையெல்லாம் முகம் அசையாமல் செய்கிறவர்கள் இருக்கிறார்கள், சரி. அசைந்து செய்கிறவர் குறைந்தவர் என்று எந்த விதி சொல்கிறது?

வயலின் மேதை ஹைஃபெட்ஸ் சிலை மாதிரி நின்று வாசித்தாரே என்று அன்றைக்கே ஒருவர் கேட்டார். வாசித்தார். அவர் வாசிப்பை வணங்குகிறேன். அது அவர் உடம்பு, அவர் வழி. எல்லோரும் அவரை மாதிரி நிற்க வேண்டும் என்றால் உலகத்துக்கு ஒரு வயலின்காரர் போதும்.

அந்த சிபேலியஸைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். பீத்தோவன், பிராம்ஸ் கான்செர்ட்டோக்களில் ஆர்க்கெஸ்ட்ரா சில நிமிடங்கள் தனியாகப் பேசி முடித்த பிறகுதான் தனிவயலின் நுழையும். சிபேலியஸ் அந்த அவகாசத்தைக் கொடுப்பதில்லை. ஒலியைத் தணிக்கும் மியூட் மாட்டிய வயலின்கள் தாழ்ந்த குரலில் நடுங்கிக்கொண்டிருக்கின்றன, சில நொடிகள்தான், உடனே தனிக்குரல் எழ வேண்டும். அந்த முதல் சுரத்தில் வில் தந்தியைத் தொட்டதே தெரியக்கூடாது, ஆனால் குரல் தனித்து நிற்க வேண்டும். கியுங் வா அதை எடுக்கும்போது முகத்தைப் பாருங்கள். கூட்டத்துக்காக ஒன்றுமே இல்லை அதில். கேட்டுக்கொண்டிருக்கிற முகம் அது. அப்புறம் அந்த மெல்லிய கோடு தடித்து, கீழ்த்தந்திக்கு இறங்கி, ஜி தந்தியில் அடித்தொண்டைக் குரலாக மாறும்போது தாடை இறுகுகிறது, புருவம் சுருங்குகிறது. அந்த இடத்தில்தான் சிரித்தார்கள். மிகச்சரியாக அந்த இடத்தில்.

சில மாதங்களுக்கு முன்னால் இதே கூட்டத்தில் ஆர்க்கெஸ்ட்ராவை வழிநடத்தும் கண்டக்டர் பெர்ன்ஸ்டைன், மாலரின் இசையை நடத்தும் படம் பார்த்தோம். குதித்தார், வியர்த்தார், அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார். "ஆஹா, என்ன ஈடுபாடு" என்றார்கள். ஒருவர்கூடத் திரையை அணைக்கச் சொல்லவில்லை. அவர் கண்டக்டர், உடம்புதான் அவருக்குக் கருவி என்பீர்கள். அப்படியானால் வயலின்காரிக்கு உடம்பே இல்லையா?

ஆண் செய்தால் ஈடுபாடு, பெண் செய்தால் சேஷ்டை. இதைச் சொன்னதும் "எல்லாவற்றையும் ஆண் பெண் என்று பார்க்காதே" என்று பதில் வரும் என்று தெரியும். நான் பார்க்கவில்லை, எனக்குக் காட்டினார்கள். சின்ன வயதில் வயலின் கற்றுக்கொண்டபோது எங்கள் வாத்தியார் வகுப்பில் நானும் இன்னும் சில பிள்ளைகளும் இருந்தோம். கூடப் படித்த பையன் ஒருவன் தலையை ஆட்டி ஆட்டி வாசிப்பான். "பாரு, லயிச்சு வாசிக்கிறான்" என்பார் வாத்தியார். ஒரு நாள் தோடி வர்ணத்தில் என் தலையும் தானாக அசைந்துவிட்டது. வில்லின் முனையால் என் தாடையைத் தட்டி, "பொண்ணு, மூஞ்சியைக் கோணாதே, கல்யாணம் பண்ணிக் கொடுக்கணும்" என்றார். அத்தை பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அவளும் தலையாட்டினாள். அதற்குப் பிறகு நான் வயலினை எடுக்கும்போதெல்லாம் சுருதியைவிட முகத்தைத்தான் கவனித்தேன். முகத்தைக் கவனிக்கிறவளுக்குக் கமகம் வருமா? வரவில்லை. கொஞ்ச காலத்தில் வயலின் பெட்டிக்குள் போயிற்று.

இதைச் சொல்வது பரிதாபத்துக்காக இல்லை. ஞாயிற்றுக்கிழமை அந்தச் சிரிப்பு கேட்டபோது எனக்கு ஏன் உடம்பெல்லாம் எரிந்தது என்று சிலர் கேட்டார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு குற்றச்சாட்டு: முகத்தைப் பார்த்து மயங்கிவிட்டேன், இசை தெரிந்தவர்கள் இப்படி மயங்க மாட்டார்கள். நான் கியுங் வாவை முதலில் கேட்டது ஒரு சிடியில். அண்ணன் சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்தது. சைக்காவ்ஸ்கி, சிபேலியஸ் கான்செர்ட்டோக்கள் இரண்டும் ஒரே தட்டில், கண்டக்டர் ஆந்த்ரே பிரெவின், லண்டன் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா, 1970 பதிவு. அவர் எப்படி நிற்பார், எப்படி அசைவார் என்று எனக்குத் தெரியாது. சத்தம் மட்டும்தான். நீங்கள் கேட்ட அதே "சத்தம் மட்டும்". கேட்டுவிட்டு ராத்திரி தூக்கம் வரவில்லை. பல வருடங்கள் கழித்துப் படப்பதிவைப் பார்த்தபோது ஆச்சரியமே இல்லை. இந்தச் சத்தம் இப்படித்தான் வந்திருக்க முடியும் என்று தோன்றியது. முகத்தை மறைத்தாலும் சிடியில் அந்தப் புருவம் கேட்கிறது ஐயா. எதைத்தான் அணைப்பீர்கள்?

அந்தப் பதிவு எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் "உணர்ச்சிப் பிழம்பு, பயிற்சி போதாது" என்ற தொனியிலும் ஒரு பேச்சு அடிபட்டது. 1948-இல் சியோலில் பிறந்தவர். கொரியப் போர் தொடங்கியபோது இரண்டு வயது. ஏழு பிள்ளைகள் உள்ள வீடு. அக்கா மியுங் வா செல்லோ, தம்பி மியுங் ஹுன் பியானோ, பின்னாளில் பெரிய கண்டக்டர். ஒன்பது வயதில் சியோல் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவுடன் மெண்டல்சன் கான்செர்ட்டோ. பதின்மூன்று வயதில் அமெரிக்கா, ஜூலியார்ட் பள்ளி, இவான் கலாமியன். வில் பிடிப்பதிலிருந்து ஒவ்வொன்றையும் பிரித்துப் பிரித்துச் சொல்லிக்கொடுப்பதற்குப் பேர்போன ஆசிரியர் அவர். அவரிடம் படித்தவரைப் பார்த்துப் பயிற்சி போதாது என்கிறீர்கள். 1967-இல் லெவென்ட்ரிட் என்ற இசைப் போட்டியில் இன்னொரு வயலின்காரர் பிங்கஸ் ஸுக்கர்மனோடு முதல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். 1970 மே மாதம் லண்டனில் பிரெவினோடு சைக்காவ்ஸ்கி வாசித்தார். அப்போது இருபத்திரண்டு வயது. அந்த ஒரு மாலை போதுமானதாக இருந்தது, டெக்கா இசைத்தட்டு நிறுவனம் ஒப்பந்தம் போட்டது.

அதற்குப் பிறகு? அவசரப்பட்டு எல்லாவற்றையும் பதிவு செய்து தள்ளினாரா? பிராம்ஸ் கான்செர்ட்டோவை ஸ்டூடியோவில் பதிவு செய்யவே 2000 வரை காத்திருந்தார், கண்டக்டர் சைமன் ராட்டில், வியன்னா ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவோடு. தனிவயலினுக்கான பாஹின் ஆறு படைப்புகளில் இரண்டை எழுபதுகளில் பதிவு செய்தார். ஆறும் முழுமையாக வந்தது 2016-இல். உணர்ச்சிவசப்பட்டு வாசிக்கிறவர் இவ்வளவு காலம் காத்திருப்பாரா? இது எரிகிற மனசும் இரும்புப் பிடிவாதமும் சேர்ந்த ஒரு ஆள். இரண்டில் ஒன்றை மட்டும் பார்க்கிறவர்கள் அவரைக் கேட்டதே இல்லை என்றுதான் சொல்வேன்.

நேரடி நிகழ்ச்சிகளில் சில இடங்களில் சுருதி பிசிறுகிறது என்று ஒரு நண்பர் நியாயமாகவே சொன்னார். ஆம், சில இடங்களில் வில் தந்தியைக் கடிக்கிறது, ஒரு சுரம் உரசிக்கொண்டு போகிறது. அதோடு சரி, எனக்கு அது பொருட்டே இல்லை.

லண்டனில் 2014-இல் நடந்ததையும் யாராவது எடுப்பீர்கள். பல வருடங்களுக்குப் பிறகு அங்கே திரும்பி வந்த மாலையில், இருமிக்கொண்டிருந்த ஒரு குழந்தையின் பெற்றோரிடம், வளர்ந்த பிறகு அழைத்து வரலாமே என்று மேடையிலிருந்தே சொன்னார். பத்திரிகைகள் பிடித்துக்கொண்டன. அந்தக் குழந்தைக்காக எனக்கும் வருத்தம் உண்டு. ஆனால் 2005-இல் இடது கை ஆட்காட்டி விரலில் காயம் பட்டு, ஐந்து வருடம் மேடையே இல்லாமல் இருந்து, இனி வாசிக்கவே முடியாது என்ற இடத்திலிருந்து திரும்பி வந்த ஒருவர், அன்று எந்த நிலையில் நின்றிருப்பார் என்றும் கொஞ்சம் யோசியுங்கள். வாழ்நாள் வாசிப்பு முழுவதையும் விட்டுவிட்டு அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஞாபகம் வைத்திருப்பவர்களிடம் எனக்குச் சொல்ல எதுவும் இல்லை.

எனக்குத் தாங்க முடியாத விஷயம் வேறு. கிழக்கு ஆசியாவிலிருந்து வரும் இசைக்கலைஞர்களைப் பற்றி மேற்கில் ஒரு பழைய வசனம் உண்டு: விரல் இருக்கும், உள்ளம் இருக்காது, இயந்திரம் மாதிரி வாசிப்பார்கள். இன்றும் சொல்கிறார்கள். நம் ஆட்களும் வாங்கித் திருப்பிச் சொல்கிறார்கள். சரி, உள்ளத்தை அள்ளி எதிரே வைத்து ஒரு கொரியப் பெண் வாசித்தால், அப்போது அது மிகை, நடிப்பு, சேஷ்டை. அசையாமல் நின்றால் பொம்மை, அசைந்தால் கூத்து. அந்தப் பெண் எப்படித்தான் நிற்க வேண்டும்? சொல்லுங்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

இந்த வகைக் கிண்டல் புதிதும் இல்லை. சைக்காவ்ஸ்கியின் கான்செர்ட்டோ 1881-இல் வியன்னாவில் முதலில் அரங்கேறியபோது, ஹான்ஸ்லிக் என்ற பெரிய விமர்சகர், இது காதுக்கு நாறும் இசை, இதில் வயலினை வாசிக்கவில்லை, பிய்த்து எறிகிறார்கள் என்கிற பொருளில் எழுதினார். படித்தவர், இசை நுணுக்கம் தெரிந்தவர். அந்த கான்செர்ட்டோ இன்று வாசிக்கப்படாத ஊர் இல்லை. பெரியவர்கள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று தலையாட்டிய அன்றைய வியன்னாக்காரர்களைத்தான் ஞாயிற்றுக்கிழமை நினைத்துக்கொண்டேன்.

நான் மிகையாக உணர்ச்சிவசப்படுகிறேன் என்று போகும்போது ஒருவர் காதில் விழும்படியே சொன்னார். ஆமாம், படுகிறேன். அதற்காகத்தானே இசை கேட்கிறோம்? கணக்குப் பார்க்கவா வருகிறோம்? கொட்டாவி விட்டுக்கொண்டு, அடக்கமாக, முகம் கோணாமல் கேட்டால்தான் ரசிகர் என்றால் அந்தப் பட்டியலில் என் பெயர் வேண்டாம். சின்ன வயதில் ஒருமுறை முகத்தை அடக்கி வைத்தேன். இனி முடியாது. வாசிக்கிறவர் முகத்தையும் அடக்கச் சொல்லாதீர்கள், கேட்கிறவர் முகத்தையும் அடக்கச் சொல்லாதீர்கள்.

எங்கே தொடங்குவது என்று உட்பெட்டியில் கேட்ட தங்கைகளுக்கு: அந்த 1970 சிபேலியஸிலேயே தொடங்குங்கள். பிறகு கண்டக்டர் க்ளாஸ் டென்ஷ்டெட்டோடு வாசித்த பீத்தோவன். அப்புறம், இசையமைப்பாளர் பார்டோக்கிடமே படித்த கண்டக்டர் ஜார்ஜ் ஷோல்டியோடு அவர் பதிவு செய்த பார்டோக் இரண்டாவது கான்செர்ட்டோ. முதல் தடவை பிடிபடாமல் போகலாம், விடாதீர்கள். அதற்கும் பிறகு அதே ஷோல்டி, சிகாகோ ஆர்க்கெஸ்ட்ராவோடு ஆல்பன் பெர்க்கின் கான்செர்ட்டோ. பதினெட்டு வயதில் இறந்துபோன ஒரு பெண்ணின் நினைவாக 1935-இல் பெர்க் எழுதியது. கடைசிப் பகுதியில் பாஹின் பிரார்த்தனைப் பாடல் ஒன்று உள்ளே வருகிறது, அதைச் சுற்றி வயலின் மேலே மேலே ஏறுகிறது. கியுங் வா அங்கே எதையும் மென்மையாக்கிக் கொடுப்பதில்லை. அதை வாசித்த வேறு பலரையும் கேட்டிருக்கிறேன். அந்தத் துக்கத்தை இவ்வளவு கோபத்தோடு வாசித்தவரை நான் கேட்டதில்லை.