சின்னப் பாட்டி நடந்து போன வழி

வெ. சாமிநாத சர்மாவின் 'எனது பர்மா வழிநடைப் பயணம்' புத்தகத்தை நேற்று ராத்திரி இரண்டாம் தடவையாகப் படித்து முடித்தேன். யாங்கூனில் (அந்தக் காலத்து ரங்கூன்) வழக்கம்போலக் கரண்ட் இல்லை, கடைசிப் பக்கங்களை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில்தான் படித்தேன். தூக்கம் வரவில்லை, எழுதிவிடுகிறேன்.

பர்மா யுத்தத்தைப் பற்றி நான் படித்த புத்தகங்கள் பெரும்பாலும் தளபதிகளின் கதை. சிட்டாங் பாலத்தை எப்போது தகர்த்தார்கள், எந்தப் படை எந்த வழியில் பின்வாங்கியது என்று பக்கம் பக்கமாக இருக்கும். நம் ஆட்கள் வருவது, அகதிக் கூட்டம் ரோட்டை அடைத்துக்கொண்டது என்கிற ஒரு வரியில். அப்படி ரோட்டை அடைத்துக்கொண்டு நடந்தவர்களில் ஒருவர் எழுதிய புத்தகம் இது. அதனால்தான் இதன் மேல் எனக்கு இத்தனை மரியாதை.

ரங்கூனில் 1937-லிருந்து 'ஜோதி' பத்திரிகை நடத்தியவர் சர்மா. ஹிட்லர், முஸோலினி என்று உலகத்துச் சங்கதிகளைத் தமிழனுக்குப் புரியும்படி எழுதிக்கொண்டிருந்தவரின் வாசலுக்கே யுத்தம் வந்துவிட்டது. 1941 டிசம்பர் 23-ல் முதல் குண்டு விழுந்தபோது, விமானத்தை வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்ற ஜனங்கள் நின்ற இடத்திலேயே செத்தார்கள். பத்தாண்டுகளுக்கு முன் பாதிக்கு மேல் இந்தியர்களாக இருந்த ஊர், 1942 மார்ச் 8-ல் ஜப்பான்காரன் கைக்குப் போனபோது ஏறக்குறைய காலி. ஐந்து லட்சம் பேர் வரை இந்தியாவுக்குக் கிளம்பியிருக்கிறார்கள். வழியில் செத்தவர்கள் 10,000 என்பவர்களும் உண்டு, 50,000-க்கு மேல் என்பவர்களும் உண்டு. காலரா, மலேரியா, குடிக்கத் தண்ணீர் கிடையாது; அந்த நிலையிலும் இந்திய எல்லையோரம் இருக்கிற தமு வழியில் வெள்ளைக்காரனுக்கு ஒரு பாதை, நமக்கு ஒரு பாதை!

46 வயதில் மனைவி மங்களத்தோடு சர்மா நடந்திருக்கிறார்.

எங்கள் பாட்டி தோஞ்சேப் பக்கம் வயலோடு இருந்துவிட்டார். அவர் தங்கச்சி, புருஷன் ரங்கூன் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், இரண்டு பேரும் நடந்து போனவர்கள். அப்புறம் ஒரு கடுதாசி கிடையாது. மாளய அமாவாசை அன்று பாட்டி ஒரு இலை அதிகமாகப் போடுவார். யாருக்கு என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். "தங்கச்சிக்குடா. அவ என்னைக்குப் போனான்னு தெரியலையே, எந்தத் திதியில கொடுக்கிறது?" என்றவர், பருப்பை இன்னும் ஒரு கரண்டி வைத்தார். "நடந்து போனா" என்று பாட்டி சொன்னதற்கு என்ன அர்த்தம் என்பது சர்மாவைப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

சர்மா படித்தவர், நாலு பேருக்குத் தெரிந்தவர். மூட்டை தூக்கியவன் கண்ட வழி இதைவிடக் கொடுமையாக இருந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஆனால் அவன் எழுதி வைக்கவில்லை. சர்மா எழுதினார், அதனால் சின்னப் பாட்டி எந்த மாதிரி வழியில் போயிருப்பாள் என்று இன்றைக்கு நான் நினைத்துப் பார்க்கவாவது முடிகிறது.

பகோ, தோஞ்சே, மோல்மேன் பக்கம் இருக்கிற சொந்தங்களே, வீட்டுப் பெட்டியில் 1942-ல் வந்த கடுதாசி, கணக்கு நோட்டு, எதுவானாலும் சரி, கறையான் அரிப்பதற்குள் போட்டோ எடுத்து எனக்கு அனுப்புங்கள். எழுத்து புரியாவிட்டால் பரவாயில்லை, உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.