மணிக்கு நாலு டாலர்

என் மகள் இங்கே அமெரிக்காவில் முதல் வகுப்பு படித்தபோது, வகுப்பின் பின் மூலையில் ஒரு பாட்டி உட்கார்ந்திருப்பார். வாசிக்கத் திணறும் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பக்கத்தில் உட்கார வைத்து, ஐஸ் குச்சி ஒன்றை எழுத்துகளுக்கு அடியில் மெல்ல நகர்த்துவார். பிள்ளை தடுமாறினால் குச்சி நின்றுவிடும். சொல்லிக் கொடுத்துவிட மாட்டார், காத்திருப்பார். டீச்சர் என்றே நினைத்திருந்தேன். முதியவர்கள் பிள்ளைகளுக்குத் துணையிருந்து உதவும் ஃபாஸ்டர் கிராண்ட்பேரன்ட் என்ற அரசுத் திட்டத்தின் தன்னார்வலர் என்று அப்புறம்தான் தெரிந்தது. அவருக்கு உதவித்தொகை மணிக்கு 4 டாலர்.

"தொண்டு செய்யறவங்களுக்கு எதுக்குப் பணம்?" என்று போன வாரம் நண்பர் ஒருவர் கேட்டார். அந்தக் கேள்வி மனதை விட்டுப் போகவே இல்லை.

1965இல், ஜனாதிபதி ஜான்சனின் வறுமை ஒழிப்புத் திட்டங்களில் ஒன்றாக இந்த ஃபாஸ்டர் கிராண்ட்பேரன்ட் திட்டம் பிறந்தது. அதாவது, ஏழை முதியவர்களை மனதில் வைத்தே உருவானது. வசதியுள்ளவர் சும்மா வந்து உழைக்கலாம். வாடகைக்கும் மாத்திரைக்கும் கணக்குப் பார்க்கிறவர் பஸ் ஏற வேண்டாமா? அதனால்தான் இன்றும் வருமான வரம்பு இருக்கிறது. இந்தத் தொகையை வருமானமாகக் கணக்கிட்டு ஃபுட் ஸ்டாம்ப் (உணவு வாங்க அரசு தரும் உதவி) போன்ற உதவிகளைக் குறைக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது. யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

1971இல் வந்த ஆர்எஸ்விபி என்ற இன்னொரு முதியோர் தன்னார்வத் திட்டம் வேறு மாதிரி. வருமான வரம்பும் கிடையாது, உதவித்தொகையும் கிடையாது. மத்திய அரசு மானியம் தந்தாலும், நடத்தும் அமைப்பு மொத்தச் செலவில் முதல் ஆண்டு 10, அடுத்து 20, மூன்றாம் ஆண்டு முதல் 30 சதவீதத்தை உள்ளூரில் திரட்டியாக வேண்டும். சிற்றூர்களில் இது லேசான காரியமில்லை. முதியவர்கள் வரத் தயாராக இருப்பார்கள், ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் கொடுக்கத்தான் வழியிருக்காது.

இரண்டும் இன்று அமெரிகார்ப்ஸ் என்ற மத்திய அரசு முகமையின் முதியோர் பிரிவான அமெரிகார்ப்ஸ் சீனியர்ஸின் கீழ் நடக்கின்றன. 55 வயதானால் சேரலாம். 2026 நிதியாண்டுக்கான பட்ஜெட்டில் டிரம்ப் அரசு இந்த முகமையையே மூடப் பரிந்துரைத்தது. அவருடைய முதல் ஆட்சியிலும் இதே பரிந்துரை வந்தது, அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் ஒத்துக்கொள்ளவில்லை. மத்திய அரசின் குறைந்தபட்சக் கூலியே மணிக்கு 7.25 டாலர். அதில் ஏறக்குறைய பாதியை வாங்கிக்கொண்டு ஒரு பிள்ளையை வாசிக்க வைக்கிறவரிடமா சிக்கனம் பிடிப்பது? என்னைக் கேட்டால், அந்த 4 டாலரை உயர்த்த வேண்டும்.

இங்கே இருக்கும் நண்பர்களே, உங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு போன் போடுங்கள். உங்கள் பிள்ளையின் பள்ளியில் இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், அவரைப் பற்றி ரெண்டு வார்த்தை சொல்லுங்கள். நான் அந்த ஐஸ் குச்சியைப் பற்றிச் சொன்னேன்.