மூச்சு விட்டது என் தப்பாம்

புது டென்ட் ஒழுகுகிறது என்று நான் எழுதிய புகாருக்கு, ஒன்பது நாள் கழித்து இன்று காலை கடைக்காரரிடமிருந்து பதில் வந்தது. "சார், டென்ட் ஒழுகவில்லை. அது நீங்கள் விட்ட மூச்சு."

அதாவது கர்நாடகத்தில் சக்லேஷ்பூர் பக்கம் ஒரு காபித் தோட்டத்து மேட்டில், ஜூலை மாத ராத்திரியில், விடிய விடிய என் தலையில் சொட்டியது மழையே இல்லையாம். என் மூக்கிலிருந்து கிளம்பி, கூரையில் ஒட்டி, குளிர்ந்து திரும்பி வந்த என் சொந்தத் தயாரிப்பாம். வருண பகவானுக்கும் இதற்கும் சம்பந்தமே கிடையாதாம்.

ஒற்றை ஆள் டென்ட், 900 கிராம். இந்த எடையைச் சொல்லித்தானே நம்மை எல்லாம் கவிழ்க்கிறார்கள்! பெங்களூரு அல்சூர் வீட்டில் சமையல் தராசில் வைத்துப் பார்த்துப் பூரித்துப் போனவன் நான். எப்படி இவ்வளவு இறக்கினார்கள் என்று யோசித்தேனா? கூரை ஒரே அடுக்கு. கம்பி கிடையாது, நாம் ஊன்றி நடக்கிற கம்பையே நட்டுக்கொள்ள வேண்டும். துணி சில்நைலான், அதாவது சிலிக்கான் பூசிய நைலான். ஈரம் பட்டால் நைலான் நீளும். சாயங்காலம் மேளம் மாதிரி விறைப்பாகக் கட்டியது, பதினொரு மணிக்கு நனைந்த கோவணமாகத் தொங்கியது. இரண்டு பக்கமும் சிலிக்கான் பூச்சு என்பதால் தையல்மேல் டேப் ஒட்டாது, வாங்கினவனே பசை வாங்கித் தடவிக்கொள்ள வேண்டுமாம். பதினெட்டாயிரம் கொடுத்தவனுக்கு வீட்டுப்பாடம். 3000 மில்லிமீட்டர் என்று பையில் பெருமையாக அச்சடித்திருக்கிறார்கள். மூன்று மீட்டர் தண்ணீர் மேலே நின்றாலும் துணி தாங்குமாம். துணி தாங்கும், தையல்?

மணி 1:40. முதல் சொட்டு நெற்றிப் பொட்டில். சரி, தலையை இடது பக்கம் நகர்த்தலாம் என்றால் இடது பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே! கன்னம் ஈரத் துணியில் போய் ஒட்டியது. இரண்டாவது சொட்டு காதுக்குள். கீழே சறுக்கினேன், பாதம் அந்தப் பக்கச் சுவரில் இடித்து, தூக்கப்பையின் கால்மாடு நனைந்தது. துண்டால் கூரையைத் துடைத்தேன். துடைத்த அதிர்ச்சியில் துடைக்காத இடமெல்லாம் ஒரே நேரத்தில் பொழிந்தது. இழுகயிற்றை இறுக்கலாம் என்று வெளியே போனால், முளை சேற்றிலிருந்து வெண்ணெயில் செருகிய கத்தி மாதிரி கையோடு வந்துவிட்டது. ஒரு கல்லை எடுத்து அடித்து நட்டுவிட்டுத் திரும்பினேன், கணுக்காலில் இரண்டு அட்டைகளோடு. அதே இடத்தில் படுத்தேன். அதே பொட்டில் மூன்றாவது சொட்டு.

அடியில் விரித்த தார்ப்பாய் டென்டைவிட ஒரு சாண் பெரிது, ஓடி வந்த தண்ணீரை எல்லாம் அதுதான் ஏந்திக் கொடுத்தது. அது என் முட்டாள்தனம், விடுங்கள். ஆனால் கடைக்காரர் அடுத்து எழுதியதைக் கேளுங்கள்: "காற்றோட்டத்துக்குக் கதவைத் திறந்து வைத்திருக்க வேண்டும் சார்." திறந்தால் சாரல் வரும், மூடினால் மூச்சு வரும். ஆகவே வாடிக்கையாளர் ராத்திரி முழுக்க மூச்சை அடக்கிக் கும்பகத்தில் இருக்க வேண்டும். பெட்டியில் ஒரு பிராணாயாமப் புத்தகத்தையும் போட்டுக் கொடுத்திருக்கலாம்!

தோட்டக்காரர் அன்றைக்கே திண்ணையைக் காட்டி, "இங்க படுத்துக்கோங்க" என்று மூன்று தடவை சொன்னார். நான் சாகசக்காரன் ஆயிற்றே. காலையில் போய்ப் பார்த்தால் அந்தத் திண்ணையில் அவர் வீட்டு நாய், உடம்பில் ஒரு ஈரமில்லாமல், கொட்டாவி விட்டபடி என்னைப் பார்த்தது. சிரிப்பு வந்துவிட்டது, என்ன செய்ய.

அதோடு விட்டதா? ஞாயிறு ராத்திரி பெங்களூரு மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் இறங்கினால் அங்கேயும் கொட்டுகிறது. ஆட்டோவில் ஏறினேன். இரண்டு பக்கமும் ஒட்டுப்போட்ட பழைய ரெக்ஸின் திரை. அல்சூர் வரைக்கும் ஒரு சொட்டு, சத்தியமாக ஒரே ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. எங்கே தைத்தது என்று கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவர், "மழை சார், மீட்டருக்கு ஒன்றரை மடங்கு கொடுத்துடுங்க" என்றார். அந்த மீட்டரையாவது போட்டாரா? போடவே இல்லை. எதில் ஒன்றரை?