அம்மாவின் பெயரில் ஒரு ழகரம்

என் அம்மாவின் பெயர் 'அழகு' என்று தொடங்கும். பிறப்புப் பத்திரத்தில் அதைச் சிங்களத்தில் எழுதினார்கள். சிங்களத்தில் ழகரம் இல்லை, லகரம் போட்டார்கள். பின்னால் அதைப் பார்த்துத் தமிழில் எழுதியவர் 'அலகு' ஆக்கிவிட்டார். ககரமும் தப்பவில்லை. 'கப்பல்' என்பதில் வரும் ககரமும் 'தங்கம்' என்பதில் வருவதும் நமக்கு ஒரே எழுத்து, சிங்களத்தில் இரண்டு. அதனால் இங்கிலீஷில் ஒரு காகிதத்தில் கே, இன்னொன்றில் ஜி.

அம்மா தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருசம் கொழுந்து பறித்தவர். வேலை செய்த காலத்தில் சேர்ந்த சேமலாப நிதியை எடுக்கப் போனபோது மூன்று பெயரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க, சத்தியக்கடதாசியும் கையுமாக நான்கு மாதம் அலைந்தோம்.

"இந்த நாட்டில் இருந்தால் சிங்களம் படிக்க வேண்டியதுதானே" என்று சிலர் சொல்கிறார்கள். படிக்கத்தான் வேண்டும், எனக்கு அதில் மறுபேச்சே இல்லை. அம்மா ஹட்டன் சந்தையில் சிங்களத்தில்தான் பேரம் பேசுவார். ஆனால் படிவத்தில் இருப்பது சந்தைச் சிங்களம் இல்லை. தமிழைப் போலவே அதிலும் பேச்சு வேறு, எழுத்து வேறு. அந்த எழுத்தை அம்மா எங்கே போய்ப் படித்திருப்பார்? தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கத் தொடங்கியதே 1970களில்தான். எங்கள் காலத்திலும் சிங்களப் பாடத்துக்கு நிரந்தரமாக ஓர் ஆசிரியர் இருந்ததில்லை. கரும்பலகையில் இருந்ததைப் பார்த்து எழுதினோம், அவ்வளவுதான்.

சட்டத்தில் குறை இல்லை. 1956இல் சிங்களத்தை மட்டும் அரச கரும மொழி ஆக்கிய தனிச் சிங்களச் சட்டம் வந்தது உண்மை. ஆனால் 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரச கரும மொழி ஆக்கியது. 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் பல பிரதேச செயலகப் பிரிவுகள், சிங்களத்திலும் தமிழிலும் நிர்வாகம் நடக்க வேண்டிய இருமொழிப் பிரிவுகள் ஆயின. 2007 ஜூலைக்குப் பிறகு அரச சேவையில் சேர்ந்தவர்கள் 5 வருடத்துக்குள் மற்ற அரச மொழியில் தேர்ச்சி பெற வேண்டும் என்று சுற்றறிக்கையே வந்தது. அப்புறம் ஏன் ஒரு தமிழ்ப் படிவத்துக்காக நாம் கவுண்டரில் கெஞ்சி நிற்கிறோம்?

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வேலை கிடைக்கும் என்று பிள்ளையைச் சிங்கள மொழிமூலத்தில் சேர்க்கும் பெற்றோர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் பிள்ளைக்கு நாளைக்கு அம்மாச்சி எழுதிய நாலு வரியை வாசிக்க முடியாமல் போகும். பாடம் தமிழில் நடக்கட்டும். சிங்களத்தை முதல் வகுப்பிலிருந்தே நல்ல ஆசிரியர் ஒருவர் சொல்லிக்கொடுக்கட்டும். நமக்குச் சேவை செய்ய வரும் உத்தியோகத்தரும் தமிழ் படிக்கட்டும். மூன்றும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

கடைசியில் எங்கள் கோப்பை முடித்துக் கொடுத்தவர் ஒரு சிங்களத் தங்கச்சி. வேலைக்கு வந்து அதிக நாள் ஆகியிருக்காது. தமிழில் மெதுவாக எழுதி, தாளை அம்மா பக்கம் திருப்பி, "அம்மா, பேர் சரியா பாருங்க" என்றார். லகரம்தான் போட்டிருந்தார். அம்மா பேனாவை வாங்கி ழகரத்தை எழுதிக் காட்டினார். அந்தப் பிள்ளை அதை வேறொரு தாளில் மூன்று தரம் எழுதிப் பார்த்துவிட்டு, புதுப் படிவம் ஒன்றை எடுத்தது.