கண்ணுக்கு ஓ.டி.

(கண்ணாடிக் கடை. கடைக்காரர் இளவயதில் சாமியார் ஆகக் குருமடத்தில் சேர்ந்து, லத்தீன் மட்டும் கற்றுக்கொண்டு வெளியே வந்தவர். எதிரே மில் தொழிலாளி ஒருவர், கையில் டாக்டர் சீட்டு.)

மில்காரர்: அண்ணே, வலது கண்ணுக்கு ஓ.டி. என்று எழுதியிருக்கிறார் டாக்டர். மில்லில் எனக்கே ஓ.டி. தருவதில்லை. இந்தக் கண் மட்டும் எங்கே போய் ஓவர்டைம் பார்த்தது?

கடைக்காரர்: அது லத்தீன் தம்பி. 'ஒக்குலுஸ் தெக்ஸ்தெர்', வலது கண். கீழே ஓ.எஸ். என்றால் 'ஒக்குலுஸ் சினிஸ்தெர்', இடது கண்.

மில்காரர்: சினிஸ்டரா? இங்கிலீஷில் அது வில்லத்தனம் ஆயிற்றே! இத்தனை வருடமாக மூக்குக்குப் பக்கத்திலேயே குடியிருந்திருக்கிறானே!

கடைக்காரர்: முதலில் வெறும் 'இடது'தான். பழைய ரோமில் அது நல்ல சகுனம்கூட. வானத்தைப் பார்த்துக் குறி சொல்பவர் தெற்கே பார்த்து நிற்பார். ராசியான கிழக்கு இடது பக்கம் விழும். கிரேக்கர் நின்றது வடக்கே பார்த்து. அவருக்குக் கிழக்கு வலது பக்கம், இடது ஆகாது. பிற்பாடு ரோமானியக் கவிஞர்கள் கிரேக்க வழக்கை எடுத்து எழுதி எழுதி, இடதின் பெயர் கெட்டது.

மில்காரர்: எவனோ திரும்பி நின்றதற்கு என் கண்ணா பழி சுமப்பது?

கடைக்காரர்: வலது கண் நமக்குத் தெரிந்த வீட்டுப் பிள்ளைதான். தெக்ஸ்தெரும் சமஸ்கிருத 'தட்சிண'மும் ஒரே வேர். தட்சிணம் என்றாலும் வலது. கிழக்கே பார்த்து நின்றால் வலது கைப் பக்கம் தெற்கு இல்லையா, அதனால் தெற்குக்கும் அதே பெயர்.

மில்காரர்: காது டாக்டரும் இப்படித்தான் எழுதுவாரா?

கடைக்காரர்: காதுக்குத் 'தெக்ஸ்த்ரா'. லத்தீனில் கண் ஆண்பால், காது பெண்பால். பெயர்ச்சொல் எந்தப் பாலோ, பெயரடையும் அதற்கேற்ப வாலை மாற்றிக்கொள்ளும். புயத்துக்குத் 'தெக்ஸ்த்ரும்', அது ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை.

மில்காரர்: மூக்கு?

கடைக்காரர்: ஆண்பால்.

மில்காரர்: அடப்பாவமே! ஆண் மூக்கில் உட்கார்ந்துகொண்டு, பெண் காதுகளைப் பிடித்துத் தொங்கவா கண்ணாடி வாங்குகிறேன்? ஊர் என்ன பேசும்?

கடைக்காரர்: லத்தீன் தெரிந்தவன் இந்த ஊரில் நான் ஒருவன்தான். சொல்ல மாட்டேன். முன்பணம் ஐந்நூறு கொடுங்கள்... தம்பி, இடது கையால் நீட்டாதீர்கள்!

மில்காரர்: ரோமில் இடதுதான் ராசி என்றீர்களே?

கடைக்காரர்: அது வானத்துக்கு. கல்லாவுக்குக் கிடையாது.